கையால் சமைத்த வானூர்தி

தோற்றுவாய்

ஆண்டு விழா மலர்தோறும் மூவேந்தர் ஆட்சியையும் முத்தமிழின் மாட்சியையும் நாம் படித்து மகிழ்ந்து வருகின்றோம். அவை போற்றத்தக்கனவே. ஆயினும், பிழைப்பை நாடி இப்பெங்களூர் மாநகருக்கு வந்து, கன்னட மண்ணின் நிழலில் குடியமர்ந்த நம் முன்னோர் இங்கே என்ன செய்தனர் என்பதை எழுதி வைத்தோர் மிகச் சிலரே. இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம் வரலாற்றுப் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் படித்தோமும் அல்லோம். எனினும் நம் குடியிருப்பில் வாழும் பெரியவர் ஒருவர் கூறிய ஒரு சொல் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

எண்பதைக் கடந்த அப்பெரியவர், 1962-இல் இருபது வயது இளைஞராய் இந்நகரின் விமான ஆலையில் பிட்டராய்ச் சேர்ந்தவர். சென்ற பொங்கலன்று அவரைக் காணச் சென்றோம். அவருடைய பேரன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பயிற்சிக்குச் சேர விரும்புவதாகவும், அது கண்ணியமான படிப்பன்று என வீட்டார் தடுப்பதாகவும் அங்கே பேச்சு நடந்தது. பெரியவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர்த் தம் வலக்கையை நீட்டி, “தம்பி, இந்தக் கை ஆணி அடித்த விமானம் எத்தனையோ வானத்தில் பறந்தது. அதில் ஒன்றிலாவது என் பேர் இல்லை. அதனால்தான் என் பேரனுக்கே அது கேவலமாகத் தெரிகிறது போலும்,” என்றார்.

அச்சொல் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கையால் விமானம் சமைத்தவர்களின் கதையை, சிறப்பாகச் சிறு விமானங்களின் கதையை, இயன்ற அளவு தேடித் தொகுத்து ஈண்டுத் தருகின்றோம்.

கற்பனையும் உண்மையும்

வானூர்தி பற்றிய பேச்சு தமிழருக்குப் புதிதன்று. ஓட்டுபவன் இன்றித் தானே செல்லும் வானூர்தியைப் புறநானூறு குறிக்கின்றது. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியிலோ ஒரு விமானம் உருவாகும் வரலாறே காணப்படுகின்றது. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தீய கனவு கண்ட தன் தேவி விசயையைக் காக்கக் கருதி, கைத்தொழில் வல்லான் ஒருவனைக் கொண்டு மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். பொறியை வலப்புறம் திருகினால் மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும். அரசி தானே அதனைச் செலுத்தப் பழகினாள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில், நிறைமாதக் கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்பினாள். அப்பொறி இறங்கிய இடம் ஒரு சுடுகாடு. அங்கேதான் சீவகன் பிறந்தான்.

இக்கதையில் நாம் கருதத்தக்கன மூன்று. பொறி சிறியது, ஒருவரே ஏறத்தக்கது. தேவையுடையவரே அதனைச் செலுத்தக் கற்றுக்கொண்டார். ஓடுபாதை இல்லாத இடத்தில் அது இறங்கிற்று. இம்மூன்றுமே இந்நாளில் உலகெங்கும் ஆர்வலர் தம் கையால் கட்டிக்கொள்ளும் சிறு விமானத்தின் இலக்கணங்களாகும். எனினும், கவிஞரின் கற்பனையைக் கண்டு, நம் முன்னோர் அன்றே விமானம் விட்டனர் என்று பறையறைதல் முறையாகாது.

இதன் தொடர்பாக நம் பெங்களூரிலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் வேண்டும். ‘வைமானிக சாஸ்திரம்’ என்னும் வடமொழி நூல் பண்டை முனிவர் அருளியது என்று பலர் நம்பினர். இந்திய அறிவியல் கழகத்து அறிஞர் ஐவர் அதனை ஆராய்ந்து 1974-இல் தம் முடிவை வெளியிட்டனர். அந்நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆனேக்கல்லில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரி என்பார் சொல்ல எழுதப்பட்டதென்றும், அதில் வரையப்பட்ட ஊர்திகள் பறக்கும் தகுதி உடையன அல்லவென்றும் அவர்கள் காட்டினர். பறக்காத விமானத்திற்குப் பெருமை தேடுவதினும், பறந்த விமானத்திற்கு உழைத்தவரை நினைப்பதே மேன்மையன்றோ?

சென்னையில் ஒரு முதன்முயற்சி

பறந்த விமானத்தின் கதை, 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவில் தொடங்குகின்றது. ரைட் உடன்பிறந்தார் இருவரும் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அவர்களுடைய 12 குதிரைத்திறன் எஞ்சினை ஆறே வாரங்களில் செய்து கொடுத்தவர் சார்லஸ் டெய்லர் என்னும் அவர்கள் கடை மெக்கானிக் ஆவார். அன்று நிகழ்ந்த நான்கு பறத்தல்களுள் நீண்டது 59 வினாடியும் 852 அடியுமே. ரைட் உடன்பிறந்தார் பெயரை அறியாத பள்ளிச் சிறுவன் இல்லை. டெய்லரின் பெயரை அறிந்தார் எத்துணையர்? பெரியவரின் குறை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

நம் தமிழ்நாட்டிலும் ஒருவர் இதற்கு ஏழாண்டுகளுக்குள் தம் சொந்த விமானத்தைக் கட்டினார். சென்னை மவுண்ட் ரோடில் உணவு விடுதி நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர் கோர்சிகாத் தீவிலிருந்து வந்தவர். 1909-இல் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவரை ஈர்த்தது. தாமே ஒரு விமானத்தை வகுத்து, சென்னையில் வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு கட்டுவித்தார். பல்லாவரத்தில் வெள்ளோட்டம் விட்டு, 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் மக்கள் காணப் பறந்து காட்டினார். விடுதிக்காரர் ஒருவரின் எண்ணமும், வண்டித் தொழிலாளரின் கைவண்ணமும் கூடி அந்த விமானம் எழுந்தது. அதற்கு மரம் இழைத்தவர், கம்பி முறுக்கியவர் பெயர்களோ எங்கும் காணப்படவில்லை.

அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு நற்செயல் நிகழ்ந்தது. பாரிசில் வாழ்ந்த பிரேசில் நாட்டவராகிய சாந்தோஸ் துமோன், ‘தெமுவாசெல்’ என்னும் தம் சிற்றூர்தியின் வரைபடங்களுக்கு உரிமை கோராது, விரும்பியவர் கட்டிக்கொள்க என உலகிற்கு ஈந்தார். வீட்டில் விமானம் கட்டும் வழக்கத்திற்கு வித்திட்டது இவ்வீகையே எனலாம்.

பெட்டிகளில் வந்த விமானம்

இனி நம் பெங்களூருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் மூண்ட காலை, வாலசந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையுடன் 1940 டிசம்பரில் ‘இந்துஸ்தான் ஏர்கிராப்ட்’ கம்பெனியை இங்கே நிறுவினார். அமெரிக்கராகிய வில்லியம் பாலி இயந்திரங்களும் வல்லுநரும் வரத் துணைநின்றார். இந்நாட்டில் விமானம் செய்து பழகியவர் அன்று எவருமிலர். ஆதலின் முதல் விமானம் பெட்டிகளில் வந்தது! ஹார்லோ என்னும் அமெரிக்கப் பயிற்சி விமானத்தின் உறுப்புக்களை இங்கே பூட்டி 1941 ஆகஸ்டில் பறக்கவிட்டனர். அடுத்த ஆண்டு ஜூலையில் கர்ட்டிஸ் ஹாக் போர் விமானம் ஒன்றும் அவ்வாறே பூட்டப்பெற்றுப் பறந்தது.

சுற்றூர்களிலிருந்தும், தங்கவயலிலிருந்தும், தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்த கொல்லரும் தச்சரும் பட்டறைத் தொழிலாளரும் அந்த உறுப்புக்களைத் தொட்டுத் தடவியே விமானத்தின் இலக்கணத்தைக் கற்றனர். ஆலையைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்புக்கு விமானபுரா என்றே பெயர் வழங்கலாயிற்று.

போர் ஓய்ந்தபின் விமானங்களுக்கு வேலை குறைந்தது. அப்போது அவ்வாலையின் கைகள் எதைச் செய்தன என்பதை இரயில்வேக் குடும்பத்தினராகிய நாம் பெருமையோடு நினைக்கலாம்: இரயில் பெட்டிகளைச் செய்தன! விமானத் தகட்டைப் பூட்டிய கைகளே மூன்றாம் வகுப்புப் பெட்டிகளின் தகட்டையும் பூட்டின. 1964-இல் பி.இ.எம்.எல். நிறுவனம் தோன்றிய பின்னர் அப்பிரிவு அதனிடம் சேர்ந்தது.

ரிவெட் ஆணி அடித்தல் ஒருவர் வேலையன்று என்று பெரியவர் நமக்கு விளக்கினார். ஒருவர் வெளியிலிருந்து சம்மட்டித் துப்பாக்கியால் அடிக்க, மற்றொருவர் உள்ளே இரும்புக் கட்டியால் முட்டுக் கொடுத்தல் வேண்டும். உள்ளிருப்பவர் கை சற்றே நழுவினால் ஆணியின் தலை கோணும். கோணிய ஆணியைத் துளையிட்டு எடுத்து, மீண்டும் அடித்தல் வேண்டும். “வெளியில் இருப்பவன் அடிப்பது ஊருக்குக் கேட்கும். உள்ளே முட்டுக் கொடுப்பவனை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஆணி நிற்பது அவனால்தான்,” என்றார் அவர்.

புட்பகம் பறந்தது

பிறர் உறுப்பைப் பூட்டிக் கற்ற ஆலை, விரைவில் தானே விமானம் வகுக்கத் தலைப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் வி. எம். காட்கே. ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரில் பேரறிஞர் பிராண்டிலிடம் பயின்று, இந்திய அறிவியல் கழகத்தில் கற்பித்தவர் அவர். அவர் வகுத்த எச்.டி.–2 என்னும் பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் முதன்முதல் பறந்தது. இந்தியரே வகுத்து, இந்தியரே கட்டிய அவ்விமானம் நூற்றெழுபதுக்கு மேல் செய்யப்பட்டது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்கும் சென்றது.

அதன்பின் 1958 செப்டம்பர் 28 அன்று ‘புஷ்பக்’ பறந்தது. இராமகாதையின் புட்பக விமானத்தின் பெயரைத் தாங்கிய இது அளவில் மிகச் சிறியது. இருவர் அமரலாம், எஞ்சின் 90 குதிரைத்திறன், இறக்கை தலைக்கு மேலே அமைந்தது, எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மீது துணி போர்த்த உடல். ஏரோன்கா சீப் என்னும் அமெரிக்கச் சிறு விமானத்தை ஒட்டி அமைந்த இது ஏறத்தாழ 160 எண்ணிக்கையில் கட்டப்பட்டு, நாடெங்கும் உள்ள பறத்தற் கழகங்களுக்குச் சென்றது. நம் பெரியவரின் கை பட்டதும் இவ்விமானத்திலேயே. துணியை இழுத்துத் தைத்து, அதன்மீது பூசும் பசை உலரும்போது துணி பறை போல் இறுகும் என்றும், விரலால் தட்டி ஓசை கேட்டே இறுக்கத்தை அறிவர் என்றும் அவர் கூறினார்.

புஷ்பக்கின் வழியில் சற்றுப் பெரிதாய், 225 குதிரைத்திறனுடன் ‘கிருஷக்’ என்னும் விமானம் 1959 நவம்பரில் பறந்தது. இராணுவத்தாருக்கெனக் கட்டப்பட்ட இதனைக் கரடுமுரடான தரையிலிருந்தும் எழுப்பலாம். 1972 மார்ச்சில் பயிருக்கு மருந்து தெளிக்கும் ‘பசந்த்’ எழுந்தது. மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் அமைந்த ஜக்கூர்த் திடலில் அரசினர் பறத்தற் பள்ளி இளைஞரைப் பயிற்றிற்று. இங்ஙனம் நம் நகரம் சிறு விமானங்களின் தாய்வீடாயிற்று.

காடுமேட்டு விமானமும் ஞாயிற்றுக்கிழமைத் தச்சரும்

பெரிய விமானங்கள் பெருகிய இந்நாளில் சிறு விமானம் எதற்கு என அன்பர் வினவலாம். வட அமெரிக்காவின் அலாஸ்காவிலும் வட கனடாவிலும் சாலையும் இரயிலும் எட்டாத ஊர்கள் பல. அங்கே மருந்தும் தபாலும் சிறு விமானத்திலேயே செல்லும். 1924-இல் நோயல் வீன் என்பார் ஆங்கரேஜிலிருந்து பேர்பேங்க்ஸ் வரை பறந்து அவ்வழக்கத்திற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர். கனடாவில் 1947-இல் பறந்த ‘பீவர்’ விமானம் ஆயிரத்து அறுநூறுக்கு மேல் கட்டப்பட்டது. இவ்வகையை ஆங்கிலத்தில் ‘புஷ் பிளேன்’ என்பர். நாம் காடுமேட்டு விமானம் எனலாம்.

இதன் சூழ்ச்சியம் எளியது. விமானம் மெல்லப் பறந்தால், குறுகிய இடத்தில் எழவும் இறங்கவும் முடியும். ஆனால் மிக மெல்லப் பறந்தால் இறக்கையின் மேல் காற்றோட்டம் பிரிந்து, தாங்கும் ஆற்றல் அற்று விமானம் விழும். இதனைத் தள்ளிப்போட இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துணைச் சிற்றிறக்கையை இடைவெளி விட்டுப் பொருத்துவர். அவ்விடைவெளி வழியே பாயும் காற்று, மேற்புறக் காற்றைப் பிரியாமல் பிடித்து வைக்கும். பருத்த சக்கரங்களும், உயர்ந்த இறக்கையும் கல்லையும் புதரையும் தாண்ட உதவும்.

இத்தகைய விமானத்தின் உறுப்புக்களை ஒரு தொகுதியாய்ப் பெட்டியிலிட்டு விற்கும் வாணிகம் மேல்நாடுகளில் பெருகிற்று. கிறிஸ் ஹைன்ட்ஸ் என்னும் பொறியாளர் 1986-இல் வகுத்த சி.எச். 701 இதற்கு நல்ல சான்று: அலுமினியத் தகட்டாலாகிய இருவர் விமானம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவான விரைவிலும் வானில் நிற்கும்; சில நூறு அடிக்குள் எழும். கட்டி முடிக்க ஏறத்தாழ 500 மணி நேரம் என்பர். நாம் கணக்குப் பார்த்தோம்: ஞாயிறுதோறும் ஆறு மணி நேரம் உழைத்தால் எண்பத்துமூன்று ஞாயிறுகள், ஓராண்டு ஏழு மாதம். அமெரிக்கச் சட்டப்படி, தம் கல்விக்கோ பொழுதுபோக்கிற்கோ கட்டுபவர் வேலையின் பெரும்பகுதியைத் தாமே செய்திருத்தல் வேண்டும். 1953-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் பொபெரஸ்னி தொடங்கிய ஆர்வலர் சங்கம் இவர்களுக்குத் தாய்க்கழகமாய் விளங்குகின்றது.

எச்சரிக்கை ஒன்று

ஆர்வம் மட்டும் போதாது என்பதற்கும் வரலாறு சான்று தருகின்றது. பிரெஞ்சுக்காரராகிய ஆன்ரி மின்யே, ‘வானப் பேன்’ என்னும் பொருள்படும் பெயருடைய சிறு விமானத்தை 1933-இல் பறக்கவிட்டு, பெட்டி செய்யத் தெரிந்தவர் எவரும் விமானம் கட்டலாம் என ஊக்கி நூலும் எழுதினார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் பலர் கட்டினர். சிலர் உயிரிழந்தனர். முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்தபோது, முகம் கீழ்நோக்கிய நிலையில் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றையொன்று பாதித்து, விமானத்தை மீண்டும் நிமிர்த்த இயலாது என்பது தெரியவந்தது. 1936-இல் அது தடை செய்யப்பட்டது. கட்டியவர் கையில் குறையில்லை. வகுத்த கணக்கில் குறை. கையும் கணக்கும் ஒன்றையொன்று பிரிதல் கூடாது.

நம் வாழ்விலும் இப்பாடம் ஒருமுறை வாய்த்தது. பார்சல் அலுவலகத்தில் பணியாற்றிய நாளில், ஓர் இயந்திரத்தின் உறுப்புக்கள் அடங்கிய பெட்டிகள் வந்தன. சீட்டில் பன்னிரண்டு உருப்படி என்றிருந்தது. அவசரத்தில் எண்ணாமலே பன்னிரண்டு என நாம் கையெழுத்திட்டோம், வந்திருந்தவையோ பதினொன்றே. பன்னிரண்டாவது பெட்டி வேறோர் ஊரில் கிடந்து மூன்று வாரம் கழித்து வந்தது. அதுவரை ஒரு சிறு பட்டறை வேலையின்றிக் கிடந்தது. அங்கே கூலிக்கு இருந்த ஐவர் முகம் இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. விமானப் பெட்டியைத் திறப்பவர் செய்யும் முதல் வேலையும் எழுத்தர் வேலையே: ஒவ்வோர் ஆணியையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்தல். அங்கே ஓர் ஆணி குறைந்தால் மூன்று வாரக் கூலியன்று, உயிரே போகும்.

பெங்களூரிலிருந்து புறப்பட்ட பெட்டிகள்

இக்கையும் கணக்கும் இணைந்த கதை மீண்டும் நம் நகரிலேயே நிகழ்ந்தது. தேசிய வானூர்தி ஆய்வகத்தார், அமெரிக்கராகிய பர்ட் ரூட்டன் வீட்டில் கட்டுவோருக்கென வகுத்த ‘லாங் ஈ.சி.’ விமானத்தை அடிப்படையாய்க் கொண்டு ஓர் ஆராய்ச்சி விமானத்தைக் கட்டி 1987-இல் பறக்கவிட்டனர். அதில் தகடும் ரிவெட்டும் இல்லை. நுரைக்கட்டியைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பிசினால் ஒட்டிச் செய்வது அது. வீட்டுக் கொட்டகைக்காக எழுந்த கலையை நாட்டின் ஆய்வகம் இழுக்கென எண்ணாது கற்றுக்கொண்டது. அப்பயிற்சிக்குப் பின் 1993-இல் ‘ஹன்ஸா’ பறந்தது. 2000-இல் அதன் ஹன்ஸா–3 வடிவம் அரசின் தகுதிச் சான்று பெற்றுப் பறத்தற் கழகங்களுக்குச் சென்றது. 2021-இல் அதன் புதிய வடிவமும் பறந்தது.

மற்றொரு செய்தி இதனினும் நயமுடையது. ஜோயல் கோக்ளின் என்னும் பிரெஞ்சுக்காரர் பெங்களூரில் நிறுவிய ‘ராஜ் ஹம்சா’ என்னும் கம்பெனி முதலில் தொங்கு மிதவைகளைச் செய்தது. பின்னர் ‘எக்ஸ்–ஏர்’ என்னும் இருவர் சிறு விமானத்தைச் செய்யலாயிற்று. அமெரிக்காவில் 1970-களில் தோன்றிய ‘வீட்ஹாப்பர்’ மரபில் வந்த இதன் உடல், அலுமினியக் குழாய்களை மரைகளால் பூட்டியது. அதன்மேல் பாய்த்துணியில் தைத்த உறையை மாட்டி இழுத்துக் கட்டுவர். பற்றுவைத்தல் வேண்டா, பெரும் பட்டறை வேண்டா. 1990-களிலிருந்து இதன் உறுப்புத் தொகுதிகள் பெட்டிகளிற் புறப்பட்டு இங்கிலாந்து முதலிய நாடுகளை அடைந்தன. அங்குள்ள ஆர்வலர் தம் வீட்டுக் கொட்டகையில் அவற்றைப் பூட்டிப் பறந்தனர்.

அன்பர்களே, இதனைச் சற்றே நின்று நோக்குங்கள். 1941-இல் அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்குப் பெட்டி வந்தது. நம்மவர் திறந்து பூட்டினர். ஐம்பதாண்டு கழித்துப் பெங்களூரிலிருந்து பெட்டி சென்றது. ஆங்கிலேயர் திறந்து பூட்டினர்! பெட்டி திசை மாறியதற்குக் காரணம் யாது? இடைப்பட்ட ஐம்பதாண்டில் இந்நகரில் ஆயிரக்கணக்கான கைகள் வேலை கற்றதே ஆகும்.

ஏழாம் வகுப்பு வரை படித்தவர்

இறுதியாக ஒருவரைக் கூறி அமைவோம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழையை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த சஜி தாமஸ், பிறவியிலேயே கேளாதவர், பேச இயலாதவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. இளமையில் ரப்பர்த் தோட்டத்திற்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைக் கண்ட நாள் முதல் பறத்தலே அவர் நினைவாயிற்று. மின்சாதனம் பழுது பார்த்தும், கிடைத்த வேலை செய்தும் பொருள் சேர்த்தார். பழைய எஞ்சின் ஒன்றைக் கொண்டு தாமே ஒரு சிறு விமானத்தைக் கட்டினார். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் அதனை 2014-இல் ஓட்டிப் பார்த்தார். அவ்விமானம் எழுந்த இடம் எது? நம் திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாறு! அவர் வாழ்வைத் தழுவி ‘விமானம்’ என்னும் மலையாளத் திரைப்படமும் 2017-இல் வந்தது.

பம்பாயில் விமானியாகிய அமோல் யாதவ் தம் வீட்டு மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டி, 2016 பிப்ரவரிக் கண்காட்சியில் வைத்தார். நெடிய போராட்டத்திற்குப் பின் 2017 நவம்பரில் அரசின் பதிவைப் பெற்றார். தந்தை வழியாகவோ செல்வ வழியாகவோ வாராத ஒன்றைத் தம் கையால் அடைந்தோர் இவர்கள்.

முடிவுரை

இச்செய்திகளைத் திரட்டிக்கொண்டு மீண்டும் பெரியவர் வீட்டிற்குச் சென்றோம். அவர் மகனும் மருமகளும் பேரனும் உடனிருக்கப் படித்துக் காட்டினோம். 1962-இல் அவர் சேர்ந்த செய்தியையும், புஷ்பக்கின் துணியை விரலால் தட்டிய செய்தியையும் படித்தபோது, மருமகள், “மாமா, இதெல்லாம் நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லையே,” என்றார். “நீங்கள் கேட்டதே இல்லையே, அம்மா,” என்றார் பெரியவர். எவரும் எதுவும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து மகன், அந்த ஐ.டி.ஐ. விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் எது என்று மெல்லக் கேட்டார்.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். படிப்பகத்தின் பின்னுள்ள கொட்டகை, உடைந்த நாற்காலிகள் கிடக்கும் இடமாய் உள்ளது. அதனை ஒழித்துத் தந்தால், சனிக்கிழமை மாலைதோறும் நம் குடியிருப்புச் சிறுவர் சிறுமியர்க்கு அளத்தல், அறுத்தல், துளையிடல், ஆணி பூட்டல் ஆகியவற்றைக் கற்பிக்கப் பெரியவர் இசைந்துள்ளார். முதலில் மூங்கிலும் தாளும் கொண்டு பொம்மை விமானம். பிறகு தகட்டு வேலை. கை நடுங்குகின்றது, ஆதலின் தம்மால் அடிக்க இயலாது என்றும், ஆனால் முட்டுக் கொடுக்க இன்னும் வலிமை உண்டு என்றும் அவர் சொல்லியனுப்பினார். பொருட்பட்டியலை எண்ணிப் பார்த்து ஒப்பமிடும் பணியை நாம் ஏற்றுக்கொண்டோம். இம்முறை எண்ணாமல் கையெழுத்திட மாட்டோம்.

கன்னட நாடு நமக்கு வாழ்வளித்தது. நம் முன்னோர் தம் கைவேலையால் அதற்கு நன்றி செலுத்தினர். அக்கைவேலையை இழிவென்று எண்ணாத தலைமுறையை வளர்ப்பது நம் கடன்.

வாழ்க தமிழ்! வளர்க கைத்தொழில்! ஓங்குக நம் சங்கம்!